யாரும் இல்லாத தெரு

மார்ச் 4

தம்பிக்கு,

உன் புது வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. அதனால் ஆபீஸுக்கே எழுதுகிறேன். பக்கத்து மேசைக்காரர் பிரித்துப் படித்தால் படிக்கட்டும், எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நேற்று காலை பத்து மணிக்குத் தூக்கு வண்டி வந்தது. நகராட்சியின் பச்சை லாரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த இருபத்துமூன்று கடைகளையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நோயாளிகளுக்காக நான் வைத்திருக்கும் பிளாஸ்டிக் மக்குகள், துண்டுகள், சோப்பு, ரப்பர் செருப்பு, பிளாஸ்க், கடைசியில் என் சாப்பாட்டு டப்பாவையும் விடவில்லை. இஞ்சி டீக்காரியின் அடுப்பை ஒருவன் காலால் உதைத்துக் கவிழ்த்தான். கொதிக்கிற டீ அவள் பாதத்தில் கொட்டியது. வெந்த காலோடு ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்தவளிடம் காவலாளி வந்து, "இங்க உக்காரக் கூடாது" என்றான். ஆஸ்பத்திரிப் படியிலப்பா!

எனக்கு வந்த ஆத்திரத்தில் நகராட்சி இன்ஸ்பெக்டரின் முன்னால் போய் நின்றேன். கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்கும்வரை தெரு வியாபாரி யாரையும் கிளப்பக் கூடாது என்று உத்தரவு இருக்கிறதே, எங்களை எப்படித் தொடலாம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். ஒரு தாளை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"கணக்கு எடுத்தாச்சும்மா. இந்தத் தெருவுல வியாபாரிங்களே கிடையாது. நீங்க எல்லாரும் நேத்து முளைச்சவங்க."

பிப்ரவரி 11 என்று தேதி போட்டிருந்தது. ‘ஆஸ்பத்திரித் தெரு: வியாபாரிகள் எவரும் இல்லை.’ கீழே ஒரு கையெழுத்து. பள்ளிக்கூடத்து ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பழகிய கை உன்னுடையது. அதை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன்.

அப்பா அந்த ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் படுத்திருந்தபோது அம்மா சாக்கு விரித்த இடம் அது. முப்பத்தோரு வருடமாக நம் வீட்டு ஆள் யாராவது ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறோம். நீயும் உட்கார்ந்திருக்கிறாய். ஊருக்கு வந்தாய், தெருவுக்கு வந்தாய், என்னை எட்டிப் பார்க்கவில்லை. அதுகூடப் போகட்டும். யாரும் இல்லை என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

இப்படிக்கு,
இல்லாத தெருவில் இல்லாத கடை வைத்திருக்கும்
உன் அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தயவுசெய்து இனி ஆபீஸுக்கு எழுத வேண்டாம். வீட்டு விலாசம் பின்பக்கம் இருக்கிறது. டீக்கார அம்மாவின் கால் இப்போது எப்படி இருக்கிறது?

நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். ஆனால் வேலை முறையை நீ புரிந்துகொள்ள வேண்டும். கணக்கெடுக்கப் போகிறவன் கண்ணால் பார்க்கிற ஆளைத்தான் எழுத வேண்டும். இவர் வழக்கமாக இங்கே இருப்பார், இப்போது எங்கேயோ போயிருக்கிறார் என்று ஊகித்து எழுதுவதற்கு இடமில்லை. 11ஆம் தேதி பதினொன்றேகாலுக்கு நாங்கள் வந்தபோது உங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. கால் மணி நேரம் காத்திருந்தோம். பக்கத்தில் நகராட்சி இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் வேறு என்ன எழுதியிருக்க முடியும்?

கணக்கெடுப்பு நடக்கப்போகிறது என்று பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. நகராட்சி வாசலிலும் ஒட்டியிருந்தார்கள். நீங்கள் இருபத்துமூன்று பேரும் எங்கே போனீர்கள்? அதை முதலில் சொல்.

உன்னைப் பார்க்க வராததற்குக் காரணம் வேலை நெருக்கடி. அன்றைக்கே வேறு ஆறு தெருக்கள் முடிக்க வேண்டியிருந்தது. இந்த வேலைக்கு நான் எவ்வளவு கஷ்டப்பட்டு வந்தேன் என்று உனக்குத் தெரியும். போன மாதம்தான் பதவி உயர்வு கொடுத்து இங்கே மாற்றினார்கள். எடுத்த எடுப்பில் என்னைத் திருடன் மாதிரி எழுதினால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

எங்கே போனீர்கள் என்று கேட்டாயே, அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. சொல்கிறேன், கேட்டுக்கொள்.

என் இடம் தெருமுனையில் முதல் இடம். பெரிய ரோட்டில் தூக்கு வண்டி திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து இரும்புக் கிராதியில் மூன்று தட்டு தட்டுவேன். பக்கத்தில் சீப்பு விற்கிற நெட்டை அதைக் கேட்டுத் தட்டுவான், அடுத்தது பூட்டு ரிப்பேர்க்காரர், அப்படியே கடைசிவரை போகும். இரண்டே நிமிஷம். துணி, பெட்டி, சாக்கு எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சந்துக்குள் போய்விடுவோம். கைக்குழந்தைக்காரிகூட அந்த நேரத்துக்குள் போய்விடுவாள். இத்தனை வருடத்தில் எங்களுக்கு நாங்களே செய்துகொண்ட பாதுகாப்பு அது ஒன்றுதான்.

பிப்ரவரி 11 அன்றைக்கும் தட்டினேன். நன்றாகத் தட்டினேன்.

நீங்கள் போனபிறகு நாங்கள் வெளியே வந்து சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு சீப்புகூடச் சிக்கவில்லை என்று டீக்காரி எல்லாருக்கும் டீ ஊற்றினாள். நெட்டை என் கையைப் பிடித்துக் குலுக்கினான். எங்கள் பெயரை நாங்களே அழித்துக்கொண்டதற்கு டீ குடித்துக் கொண்டாடியிருக்கிறோம். இதை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வேன்?

என் தப்பை நான் சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல். ஆளை எண்ண வருகிறவர்கள் ஏன் சாமான் தூக்குகிற வண்டியில் வந்தீர்கள்? நாய் பிடிக்கிற வண்டியில் வந்து குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிறேன் என்றால் எந்தக் குழந்தை நிற்கும்? இன்னொன்று. எங்களுக்குப் பத்திரிகை படிக்க நேரமில்லை என்று உனக்குத் தெரியும். உன் அக்கா அந்தத் தெருவில் இருக்கிறாள் என்றும் தெரியும். முந்தின நாள் ஒரு போன் பண்ணி, ‘அக்கா, நாளைக்கு வர்றது நாங்க, ஓடாதீங்க’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

3ஆம் தேதி எல்லாரும் ஏன் மாட்டினோம் என்றும் கேட்டுக்கொள். ஸ்கேன் எடுக்கும் அறை தெரியாமல் ஒரு பெரியவர் அழுதுகொண்டு நின்றார். அவரை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதற்குள் வண்டி வந்துவிட்டது. தட்ட ஆள் இல்லை.

அக்கா


மார்ச் 19

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு.

அன்றைக்குக் கணக்கெடுப்புக்கு ஜீப் இருந்தது. ரிப்பேர் எதுவும் இல்லை. காலையில் ஏறப்போனபோது இன்ஜினியர், "ஜீப் வேணாம், பச்சை வண்டியை எடுங்க. அதைப் பார்த்தாலே தெரு சுத்தமாயிடும், நமக்கு எழுத வேண்டிய வேலையே இருக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீங்கள் ஓடுவதை முன் சீட்டில் இருந்து பார்த்தேன். நீ ஒரு கையில் துண்டு மூட்டையும் இன்னொரு கையில் டீக்காரியின் பால் பாத்திரமும் தூக்கிக்கொண்டு போனாய். ஒரு காலை இழுத்துக்கொண்டு போனாய். முட்டிவலி இவ்வளவு ஆகிவிட்டது என்று எனக்குத் தெரியாது.

தெருவில் இறங்கினோம். டீ அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. இன்ஜினியர் தானே குனிந்து அதை அணைத்தார். அணைத்துவிட்டு நிமிர்ந்து, "எழுதுப்பா, யாரும் இல்லை" என்றார். நான் எழுதினேன். கால் மணி நேரம் காத்திருந்தோம் என்று உனக்கு எழுதியது பொய். ஐந்து நிமிஷம்கூட நிற்கவில்லை. மற்ற ஆறு தெருவிலும் இதே கதைதான்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். பயம். பதவி உயர்வுப் பட்டியல் அவர் மேசையில் இருந்தது. இன்னொரு காரணமும் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். நான் வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். என் அக்கா இங்கேதான் தரையில் விரித்து வியாபாரம் செய்கிறாள் என்று அந்த வண்டியில் இருந்த அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்திருக்கும். கல்யாணத்தின்போது என் மாமனார் வீட்டில் நீ ஆஸ்பத்திரியில் வேலை செய்வதாகச் சொன்னவன் நான். அவர் உன்னிடம் ஊசி போடத் தெரியுமா என்று கேட்டாரே, நீ என்னைக் காட்டிக்கொடுக்காமல், ‘பழகிட்டு இருக்கேன்’ என்றாயே. அன்றைக்கே நான் செத்திருக்க வேண்டும்.

கிழித்துவிடு, அக்கா.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

கிழிக்கவில்லை.

ஏப்ரல் 8ஆம் தேதி தெரு வியாபாரிகள் கமிட்டி எங்கள் புகாரை விசாரிக்கிறது. நாங்கள் அங்கே இத்தனை வருடமாக இருக்கிறோம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார்கள். எங்களிடம் என்ன இருக்கிறது? ரசீதா, பலகையா, பத்திரமா? டாக்டர்கள் நாலு பேரிடம் கையெழுத்துக் கேட்டுப் போனேன். தினமும் என் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள், அவசரத்துக்குத் துண்டு வாங்கியிருக்கிறார்கள். ஒருவர், "நான் கவனிச்சதில்லையேம்மா" என்றார். இத்தனை வருடமும் நான் கவனித்துக்கொண்டிருந்தேன் டாக்டரே என்று சொல்ல வாய் வரை வந்தது.

இதற்கிடையில் வாசலுக்குப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் எங்கள் இடத்தில் இரண்டு இரும்பு அலமாரிகளைப் போட்டுவிட்டார். அதில் என்ன வைத்திருக்கிறார் தெரியுமா? மக்கு, துண்டு, செருப்பு, பிளாஸ்க். நடைபாதையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தூக்கு வண்டி அதன் பக்கத்திலேயே நிற்கிறது, யாரும் தொடுவதில்லை. ஷட்டர் இருக்கிறவன் நடைபாதையில் வைத்தால் வியாபாரம், சாக்கு விரித்தவள் வைத்தால் ஆக்கிரமிப்பு. எனக்கு வயிறு எரிகிறதடா.

உன் கடிதம் ஒன்றுதான் அத்தாட்சி. அதைக் கமிட்டியில் கொடுத்தால் எங்கள் இருபத்துமூன்று பேருக்கும் இடம் கிடைக்கலாம். உன் வேலை போகலாம். இரண்டும் எனக்குத் தெரியும்.

கொடுக்கட்டுமா என்று உன்னைக் கேட்கிறேன். பாசத்தில் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஒருவர் பொருளைக் கேட்காமல் தூக்கிக்கொண்டு போவது அந்தப் பச்சை வண்டிக்காரர்களின் பழக்கம். அதை நான் செய்ய மாட்டேன்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

என் பெண், உன் மருமகள், அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகப்போகிறாள். இந்த நேரத்தில் நான் வேலையில்லாமல் வீட்டில் உட்கார முடியாது. விசாரணை என்று வந்தால் இன்ஜினியர் தப்பித்துக்கொள்வார். கையெழுத்து என்னுடையது.

வேறு வழி பார்த்திருக்கிறேன். நகராட்சியின் புதிய அங்காடி மாடியில் ஒரு கடை காலியாக இருக்கிறது. ஒதுக்கீட்டுப் பிரிவில் எனக்குத் தெரிந்தவர் இருக்கிறார். உன் பெயருக்கு வாங்கிவிடலாம். மேலே கூரை உண்டு, மின்விசிறி உண்டு, யாரும் விரட்ட மாட்டார்கள். ஒரு கடைக்குத்தான் முடியும், எல்லாருக்கும் என்னால் முடியாது. யாரிடமும் சொல்லாமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 1

தம்பிக்கு,

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். நீ கிழிக்கச் சொன்னது வேறு, எனக்குக் கிழிக்கத் தோன்றியது இது.

ஊர்க் கோடியில் இருக்கும் அங்காடியின் மாடியில் எந்த நோயாளி படியேறி வந்து மக்கு வாங்குவான்? ராத்திரியோடு ராத்திரியாக வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்க ஒரு டம்ளர்கூட இல்லாமல் தாய்க்காரி வாசலில் முழிப்பாளே, அவளுக்காக இருக்கிற கடை அது. வாசலில் இருந்தால்தான் அது கடை. உனக்கு இது தெரியாமல் இல்லை. நம் அம்மாவும் அப்படி முழித்தவள்தான்.

சரி, மாடியில் கூட்டம் அலைமோதும் என்றே வைத்துக்கொள். அடுப்பில்லாமல் கட்டுப்போட்ட காலோடு கிடக்கிற டீக்காரியிடம் நான் போய் என்ன சொல்வேன்? எனக்கு மட்டும் மின்விசிறி கிடைத்துவிட்டது என்றா?

பூட்டு ரிப்பேர்க்காரர் பிழைப்புக்கு வழியில்லாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நெட்டை என்னிடம் பேசுவதில்லை. அத்தாட்சி ஒன்று இருக்கிறது, ஆனால் கொடுக்க முடியாது என்று நான் சொன்னதுதான் குற்றம். "உன் சொந்தக்காரன் கடிதம்தானே? அவனைக் காப்பாத்திட்டு எங்களைத் தெருவுல விடுறியா?" என்றான். நாம் இருக்கிறதே தெருவில்தானடா என்று சொன்னேன், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் காலத்திலிருந்து பக்கத்துக் கடைக்காரன், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

உன் கடிதத்தை இத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். நகல் எடுக்கவில்லை, படம் பிடிக்கவில்லை. 8ஆம் தேதி வெறுங்கையோடு போய் நிற்கிறேன். வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாய், நான் மீற மாட்டேன். ஆனால் ஒன்று. இனி எனக்குக் கடிதம் எழுதாதே. என்னைத் தெருவில் பார்த்தும் பார்க்காதவனுக்குப் பதில் எழுத எனக்கு இஷ்டமில்லை.

அக்கா


ஏப்ரல் 7

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றுக்கு மட்டும் பொறுத்துக்கொள்.

நீ திருப்பி அனுப்பிய கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தேன். கமிட்டிக்கு முறைப்படி ஒரு வாக்குமூலம் தயாரிக்கலாம் என்று ஆரம்பித்தேன். ஆறு தடவை எழுதினேன். ஒவ்வொரு தடவையும் முடிக்கும்போது, யார்மேலும் குற்றம் இல்லாத மாதிரி ஒரு காகிதம்தான் வந்தது. எத்தனை வருடப் பழக்கம்! கடைசியில் அந்தக் கடிதத்தையே கொடுத்துவிட்டேன். சிரித்தது, பயந்தது, மாமனார், ஊசி எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது.

இன்று காலை பஸ்ஸில் வந்து கமிட்டி அலுவலகத் தபால் பிரிவில் நேரிலேயே சேர்த்தேன். வாங்கிய பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது உங்க வீட்டுக் கடிதம் மாதிரி இருக்கே" என்றாள். "ஆமாம்மா, வீட்டு விஷயம்தான். முத்திரை போடுங்க" என்றேன். எனக்கு மேல் உள்ள அதிகாரிக்கும் ஒரு நகல் அனுப்பிவிட்டேன்.

நேற்றே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உன் வேலை உட்பட. அவளுக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரியுமாம். அவள் சித்தியை ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தபோது உன்னிடம் செருப்பு வாங்கியிருக்கிறாள். நீயும் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் ஒன்றும் சொல்லவில்லை. மானம் போகும் மானம் போகும் என்று இத்தனை வருடம் பயந்து செத்தவன் நான் ஒருத்தன்தான்.

நாளை கூப்பிட்டு விசாரித்தால் வந்து சொல்வேன். உன் பக்கம் வந்து நிற்க மாட்டேன், அந்த உரிமை எனக்கு இல்லை.

தம்பி


மே 6

தம்பிக்கு,

கமிட்டியில் உன் கடிதத்தை ஒரு அதிகாரி சத்தமாகப் படித்தார். ஊசி போடும் இடம் வந்ததும் இரண்டு பேர் சிரித்தார்கள். நீ தலை குனியாமல் நின்றாய், அதை மட்டும் பார்த்தேன். வெளியே வந்து உன்னிடம் பேசியிருக்கலாம். நான் நேராக வீட்டுக்குப் போய்விட்டேன்.

உன்னைத் தற்காலிகமாக நீக்கிய உத்தரவு மூன்றாம் நாளே வந்ததாமே. இன்ஜினியரை விசாரிக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அந்தக் குழு இன்னும் ஒரு தடவைகூடக் கூடவில்லை. அதற்குள் அவருக்குப் பெரிய ஊருக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. பொய்யை எழுதியபோது உனக்குப் பதவி உயர்வு, உண்மையை எழுதியபோது வீட்டுக்குப் போ. டீக்காரியின் காலை வேகவைத்தவன் இன்றைக்கும் அதே வண்டியில் நின்றுகொண்டு போகிறான், எங்களைப் பார்த்துக் கையும் ஆட்டுகிறான். இதையெல்லாம் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கமிட்டி உத்தரவுப்படி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டோம், நேற்று மறுபடி கணக்கெடுத்தார்கள். முன்கூட்டியே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படியும் ஜீப்பைப் பார்த்ததும் பாதிப் பேருக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. நெட்டைதான் கத்தி உட்கார வைத்தான். இருபத்திரண்டு பேரை எழுதிக்கொண்டார்கள். பூட்டு ரிப்பேர்க்காரர் ஊரில் இல்லை, அதனால் அவர் கணக்கில் இல்லை. இருபது வருடம் உட்கார்ந்தவர். விலாசம் தேடி எழுதிப் போட்டிருக்கிறேன், விட மாட்டேன்.

படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கடைக்காரர் இல்லாத நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்ளும் குடும்ப ஆள் யார் என்று. உன் பெயரைச் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை நிறுத்திவிட்டு, "அந்தக் கடிதம் எழுதினவரா?" என்றாள். "ஆமா. என் தம்பி" என்றேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன். கோபம் வந்தால் வரட்டும்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அதற்கு நாள் ஆகும், ஆகாமலும் போகலாம். ஆனால் வெள்ளிக்கிழமை டீக்காரியை உள்ளே கட்டு மாற்றக் கூட்டிப்போக வேண்டும், என் முட்டியையும் காட்ட வேண்டும். காலையிலிருந்து மத்தியானம்வரை கடையில் ஆள் வேண்டும். வியாழக்கிழமை பஸ் ஏறி வா. மக்கு இடது பக்கம், துண்டு வலது பக்கம். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் விலை பேசாதே.

யாராவது அதிகாரி வந்து நீ யாரென்று கேட்டால் எழுந்திருக்காதே. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்.

அக்கா